எனக்கு வைக்கப்பட்ட செய்வினை

இனிமேல் யாரிடமும் இலவசமாக மன்னிப்புக் கேட்பதில்லை என்று ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு முடிவெடுத்தேன்.

முடிவெடுத்த இடம் எங்கள் வீட்டு ஸ்டோர் ரூம். உட்கார்ந்திருந்தது கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல். ஹாலில் என் மனைவி பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இலக்கண டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். படுக்கையறையில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தாள். வேலை போன ஆண்பிள்ளைக்கு ஒரு வீட்டில் மிஞ்சுவது ஸ்டோர் ரூம்தான். பழைய சூட்கேஸ், கால் உடைந்த நாற்காலி, ஓடாத மிக்சி, நான்.

வாளி நகர்ந்த சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"கிடைச்சா கதவைச் சாத்திட்டு வாங்க."

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் ஒரு மின்விசிறிக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தவன். ஃபேன் ஓடவில்லை, ஓடினால் நிற்கவில்லை, நின்றால் விழுகிறது என்று ஜனங்கள் எழுதுவார்கள். நான் பதில் எழுதுவேன். வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். "மன்னிப்பு எவ்வளவு வேணும்னாலும் கேளுப்பா. ஆனா அதுல ஆள் இருக்கக் கூடாது."

புரிய ஒரு வருஷம் ஆயிற்று. 'உடைத்துவிட்டோம்' என்று எழுதினால் கம்பெனி புது ஃபேன் தர வேண்டும். 'உடைந்துவிட்டது' என்று எழுதினால் கம்பெனி அனுதாபம் தந்தால் போதும். 'த்' போன இடத்தில் 'ந்' வந்தால் கம்பெனி பிழைத்தது. இந்த ஓர் எழுத்தை வைத்துத்தான் நான் இருபத்தாறு வருஷம் சோறு தின்றேன். ஒரு வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஃபேன் மேசை நடுவில் விழுந்துவிட்டது. 'தங்கள் மின்விசிறி தனது இடத்தை விட்டு அகல நேர்ந்தமை அறிந்து வருந்துகிறோம்' என்று எழுதினேன். அந்த வீட்டுக்காரர் நன்றி தெரிவித்துப் பதில் போட்டார்.

அதற்கும் மசியாத ஆசாமிகள் உண்டு. அவர்களுக்கு வேறொரு வாக்கியம் வைத்திருந்தேன். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்.' அதை அனுப்பிவிட்டு அவர்கள் புகாரை மூலையில் இருந்த பச்சை பீரோவின் கதவிடுக்கில் செருகித் தள்ளிவிடுவேன். உள்ளே தொப்பென்று விழும். அந்த பீரோவின் சாவி நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே தொலைந்துபோயிருந்தது. பரிசீலனை என்பது அந்த பீரோவுக்கு நாங்கள் வைத்த பெயர்.

பிறகு கம்பெனி ஒரு சாஃப்ட்வேர் வாங்கியது. நான் ஒரு நாளில் வருந்துவதை அது ஒரு நொடியில் வருந்தியது. எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் பணி இத்துடன் நிறைவு செய்யப்படுகிறது. இதனால் தங்களுக்கு நேரக்கூடிய சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

என் மனைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்காங்க."

"நான் எழுதி வெச்ச மாதிரிக் கடிதம்தான்."

"தெரியுது. வேலைய விட்டுத் தூக்கினது யாருன்னே தெரியல பாருங்க."

இதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்னிடம் நீளமாகப் பேசி வருஷக்கணக்காகிறது. "சாப்பாடு இருக்கு." "மோட்டார் போட்டாச்சு." "விளக்கை அணைங்க." முக்கால்வாசி மூன்று சொல்லுக்குள் முடிந்துவிடும். முன்பு அப்படி இல்லை. இலக்கணத்தில் மெடல் வாங்கியவள், காய்காரரிடம் பேரம் பேசினால்கூட எழுவாய், பயனிலை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பள்ளிக்கூடத்து டீச்சராகியிருக்க வேண்டியவள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைக்கு மூன்று வயதாக இருந்தபோது, ஒரு பள்ளிக்கூடம் அவளை நேர்முகத்துக்கு அழைத்தது. பிறகு சத்தமே இல்லை. அவள் போய் விசாரித்தபோது, நியமனக் கடிதம் அனுப்பினோமே, பத்து நாள் கெடுவில் வந்து சேராததால் வேறொருவரைப் போட்டுவிட்டோம் என்றார்கள். கடிதம் தவறிப்போனது. தபால் என்றால் தவறத்தான் செய்யும். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. வாக்கியங்கள்தான் குட்டையாகிவிட்டன. இந்த வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே ஆசை அவள் என்னிடம் ஒரு நீளமான வாக்கியம் பேச வேண்டும் என்பதுதான். வாளியின் மேல் உட்கார்ந்து நான் போட்ட திட்டத்தின் மூலகாரணமும் அதுவே. இணையத்தில் ஒரு தொழில் தொடங்கி ஓகோவென்று வந்துவிட்டால், அவள் வாய் திறந்து நாலு வார்த்தை பாராட்டித்தானே ஆக வேண்டும்?

எங்களுக்கு மேல் மாடியில் ஓர் எலக்ட்ரீஷியன் இருக்கிறார். என்னை சார் என்பார், என் மனைவியை அக்கா என்பார். எங்கள் வீட்டில் எரியாத விளக்கைச் சரிசெய்ய வந்தால் எரிகிற விளக்கையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். கம்ப்யூட்டரும் தெரிந்தவர். அவரிடம் போனேன்.

"நல்லா இருந்த வேலை சும்மா போகாது சார். யாரோ உங்களுக்குச் செய்வினை வெச்சிருக்காங்க."

"எனக்குச் செய்வினை வைக்கிற அளவுக்கு என்கிட்ட என்னய்யா இருக்கு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதானே," என்று உடனே ஒப்புக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரே நாளில் பக்கம் தயாராகிவிட்டது. கணவன்மார், மாமியார்மார், முதலாளிமார் என்று எல்லோருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதித் தருவது தொழில். செய்த தப்பை எழுதி அனுப்பினால் போதும், வருத்தம் என் பொறுப்பு. பெயர், 'வருந்துகிறோம்'. அடியில் ஒரு வாக்குறுதி: 'திருப்தி ஏற்படும்வரை திருத்தித் தரப்படும்.' இந்த வாக்குறுதியைப் போட்டவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று பின்னால் எனக்குத் தோன்றியது.

மனைவியிடம் காட்டினேன்.

"யார் யார் வருந்துறீங்க?" என்றாள்.

"நான்தான்."

"ஒரு ஆளுக்கு எதுக்கு 'றோம்'?"

"கம்பெனின்னா அப்படித்தான்ம்மா. ஒருத்தர் வருந்தினா வருத்தம். பல பேர் வருந்தினா நிறுவனம்."

"மத்தவங்கல்லாம் எங்க?"

நான் திரும்பி ஸ்டோர் ரூமைப் பார்த்தேன். சூட்கேஸும் மிக்சியும் இருந்தன.

நம்ப மாட்டீர்கள், தொழில் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஜனங்களிடம் தப்புக்கா பஞ்சம்? மாமியாரின் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்தவர் முதலில் வந்தார். 'தங்கள் கண்ணாடி அமரும் இடத்தில் அமைந்துவிட்டமைக்கு வருந்துகிறோம்' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்து ஒரு பல் டாக்டர். வலிக்கிற பல்லை விட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். 'அண்டைப் பல் விடைபெற நேர்ந்தமைக்கு வருந்துகிறோம்.' குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒருவர், தண்ணீர்க் குழாயைத் திறக்க மறந்து ஊருக்குப் போய்விட்டவர், ஒரே மூச்சில் நாற்பது கடிதம் கேட்டார். இஸ்திரி மேசையை ஸ்டோர் ரூமுக்கு இழுத்துவந்து அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். வாளியிலிருந்து நாற்காலிக்கு உயர்ந்தேன். கால் உடைந்த நாற்காலிதான், சூட்கேஸை முட்டுக்கொடுத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் ஸ்டார்கள் விழ ஆரம்பித்தன. 'கடிதம் பிரமாதம். மாமியார் அதை வைத்து ஜன்னல் துடைத்தார்' என்று கண்ணாடிக்காரர் எழுதினார். 'நோயாளி கடிதத்தைப் படித்துவிட்டு மிச்சப் பல்லையெல்லாம் நறநறவென்று கடித்தார்' என்று பல் டாக்டர் எழுதினார். மொத்தத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். மன்னிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் யாரும் மன்னிக்கவில்லை.

இந்த லட்சணத்தில் ஒரு புது வாடிக்கையாளர் வந்தார். பெயர் இல்லை. 'ஒரு கணவன்' என்று மட்டும் போட்டிருந்தார். செய்தி இது:

'என் மனைவிக்கு வர வேண்டிய பொருள் ஒன்று என் கைக்கு வந்தது. அவளுக்குப் போய்ச் சேரவில்லை. இதற்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும். திருப்தி ஏற்படும்வரை திருத்தித் தருவீர்கள் என்று பார்த்தேன்.'

படித்ததும் எழுந்து போய் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தினேன். ஹாலில் பிள்ளைகள் போடும் சத்தத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதி அனுப்பினேன். 'தங்களுக்குரிய பொருள் தங்களை வந்தடையாமல் தவறிப்போக நேர்ந்தமைக்கு வருந்துகிறோம்.'

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. 'தவறிப்போக' என்பதன் அடியில் சிவப்புக் கோடு. பக்கத்தில்: 'பொருளுக்குக் கால் உண்டா?'

சரி என்று 'தவறவிடப்பட்டமைக்கு' என்று மாற்றினேன்.

'யாரால்?' என்று வந்தது.

'சூழ்நிலையால்' என்று போட்டேன்.

'இந்தச் சூழ்நிலை என்பவர் உங்கள் வீட்டில் எந்த அறையில் தங்கியிருக்கிறார்?'

இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. பச்சை பீரோ இருந்தால் ஆளையே இடுக்கில் செருகித் தள்ளியிருப்பேன். இரண்டு நாள் யோசித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, 'என்னால் தவறவிடப்பட்டது' என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் 'என்'.

பதில் வந்தது. ''ஆல்' மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். வெளியே வாருங்கள்.'

இனி நம்மால் ஆகாது என்று சமையலறைக்குப் போனேன். என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கஸ்டமர் உயிரை வாங்குறான்ம்மா."

"என்னவாம்?"

"'என்னால் தவறவிடப்பட்டது'ன்னு எழுதினேன். அதுவும் பத்தாதாம்."

"எப்படிப் பத்தும்? அது செயப்பாட்டுவினை. அவருக்குச் செய்வினை வைக்கணும்."

"என்னது?"

"செய்வினைங்க. இலக்கணத்துல. செஞ்சவன் ஒளியாம முன்னாடி வந்து நிக்கிறது. 'நான்'னு ஆரம்பிச்சு எழுதுங்க."

"ஆரம்பிச்சா எப்படி முடிக்கிறது?"

"'நான்'ல ஆரம்பிச்ச வாக்கியம் 'ஏன்'லதான் முடியும். எடுத்தேன், வெச்சேன், மறந்தேன்."

"ஏன்?"

"அதைத்தான் அவரும் கேக்கறாரு போல."

கத்தி நிற்கவில்லை. டக் டக் என்று பீன்ஸ் ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கோ கால் தரையில் பாவவில்லை. எவ்வளவு நீளமாகப் பேசிவிட்டாள். என் தொழிலைப் பற்றி, என்னிடம், முழு வாக்கியத்தில். அந்த 'ஒரு கணவன்' வாழ்க என்று மனதுக்குள் வாழ்த்தினேன்.

அவள் சொன்ன வித்தையை முதலில் மற்ற வாடிக்கையாளர்களிடம் பரீட்சை செய்து பார்த்தேன். பல் டாக்டருக்கு ஒரு கடிதம் புதிதாக எழுதிக் கொடுத்தேன். 'நான் தப்பான பல்லைப் பிடுங்கினேன். போனில் பேசிக்கொண்டே பிடுங்கினேன்.' அவ்வளவுதான். மறுநாளே அந்த நோயாளி வந்து, மிச்சப் பல்லையும் நீங்களே பாருங்கள் டாக்டர் என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். கண்ணாடிக்கார மருமகனுக்கு, 'நான் பார்க்காமல் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு பார்த்தும் எழுந்திருக்காமல் இருந்தேன்' என்று எழுதினேன். மாமியார் சிரித்துவிட்டாராம்.

பிறகு நடந்ததைச் சொன்னால் பொறாமைப்படுவீர்கள். இரண்டு மாதத்தில் ஐந்துக்கு நாலே முக்கால் ஸ்டார். ஸ்டோர் ரூமில் புது பிளக் பாயிண்ட் வைக்க எலக்ட்ரீஷியன் வந்தார். ஓட்டல்காரர், சலூன்காரர், கல்யாணத்துக்குத் தப்பான தேதியில் போய் நின்ற போட்டோகிராபர் என்று வரிசையாக வந்து ஏதாவது ஒரு தப்பைச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் உட்கார்ந்து எழுதினேன். நான் கலந்தேன், நான் வெட்டினேன், நான் மறந்தேன், நான் பொய் சொன்னேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் செய்த தப்பையெல்லாம் 'நான் நான்' என்று எழுதிக்கொண்டிருந்தால் மனிதனுக்கு என்ன ஆகும்? தொழில் ஏற ஏற எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஹாலில் பிள்ளைகள் கோரஸாகச் சொல்வது சுவரைத் தாண்டி வரும். "பானை உடைந்தது. பானையை உடைத்தான்." "கதவு திறந்தது. கதவைத் திறந்தான்." எல்லோரும் என்னையே பார்த்துச் சொல்கிற மாதிரி இருக்கும்.

என் மனைவி பாராட்டினாளா என்று கேட்கிறீர்களா? நாலே முக்கால் ஸ்டாரைக் காட்டினேன்.

"மிச்சம் கால் ஸ்டார் எங்க?" என்றாள்.

"ஒரே ஒருத்தன்தான் இன்னும் திருப்தி இல்லைங்கறான். அந்த 'ஒரு கணவன்'."

"முடிச்சுக் குடுங்க பாவம். எத்தனை நாளா காத்துக்கிட்டு இருக்காரோ."

அன்றைக்கே எழுதினேன். 'நான் தவறவிட்டேன்.' செய்வினை. எழுவாய் முன்னால் வந்து கைகட்டி நிற்கிறது. இதற்குமேல் ஒருவன் என்ன எதிர்பார்க்க முடியும்?

பதில் வந்தது. 'கை நழுவினால்தான் தவறவிடுவது. கை நழுவியதா?'

மூன்று நாள் நான் அதற்குப் பதில் எழுதவில்லை. நான்காம் நாள் வியாழக்கிழமை. மத்தியானம். பிள்ளைகள் இல்லை. தண்ணீர் மோட்டார் மட்டும் கீழே உறுமிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். எந்த யோசனையும் இல்லாமல் விரல்கள் தட்ட ஆரம்பித்தன.

'கை நழுவவில்லை. தபால்காரர் படிக்கட்டில் கொடுத்தார், நான் வாங்கினேன். உறையைப் பிரித்துப் படித்தேன். நீ வேலைக்குப் போனால் மூன்று வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எல்லோரும் உன்னை டீச்சர் என்பார்கள், என்னை டீச்சர் வீட்டுக்காரர் என்பார்கள். அதற்குத்தான் பயந்தேன். கெடு முடியும்வரை கடிதத்தைப் பையின் உள் ஜிப்பில் வைத்திருந்தேன். அதற்கப்புறமும் சில நாள் எடுக்கப் பயந்து அப்படியே வைத்திருந்தேன். பிறகு ஆபீஸுக்குக் கொண்டுபோய்ப் பச்சை பீரோவில் தள்ளினேன். உன்னிடம் தவறிப்போச்சு என்றேன். நான் மறைத்தேன்.'

ஒரு வாக்கியத்திலும் ஆள் ஒளிந்துகொள்ளவில்லை. அனுப்புகிற பட்டனை அழுத்தினேன்.

அழுத்திய பிறகுதான் உறைத்தது. அந்த வாடிக்கையாளர் 'பொருள்' என்றுதான் சொல்லியிருந்தார். கடிதம் என்று எங்கேயும் சொல்லவில்லை. தபால்காரரும் ஜிப்பும் பச்சை பீரோவும் என்னுடையவை. ஐயோ, என் கதையைக் கொண்டுபோய் எவனோ ஒருவன் மனைவிக்கு அனுப்பிவிட்டேனே என்று வேர்த்துக்கொட்டியது.

ஹாலில் ஒரு போன் டிங் என்றது.

இரண்டு நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. 'பிழை இல்லை. அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, நேரில் கொண்டுவந்து தரவும்.' கீழே முகவரி. தெரு, தெரிந்த தெரு. கட்டிடம், எங்கள் கட்டிடம். மாடி, எங்கள் மாடி. கதவு எண், என் கதவு எண். அப்போதுகூட எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பாவம், அவனும் இங்கேதான் எங்கேயோ இருக்கிறான் போல, ஒருநாளும் கண்ணில் பட்டதில்லையே என்றுதான் தோன்றியது.

பிறகு மெதுவாகப் புரிந்தது. அச்செடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். ஸ்டோர் ரூமிலிருந்து ஹாலுக்கு ஏழு அடி. ஏழு அடியை நடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காகிதத்தை வாங்கிப் படித்தாள். கையில் சிவப்புப் பேனா இருந்தது. கடைசிவரை அதை மூடியிலிருந்து எடுக்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"கடிதம் வந்த பன்னெண்டாம் நாள். உங்க பையைத் துவைக்க எடுத்தேன். உள் ஜிப்புல இருந்துச்சு. திரும்ப வெச்சுட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா 'நேர்ந்தமைக்கு வருந்துகிறோம்'னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன்தான்.

அவள் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "பத்து நாள்தான் கெடு, அந்தப் பையை ரெண்டே ரெண்டு நாள் முன்னாடி துவைச்சிருந்தா நான் போய்ச் சேர்ந்திருப்பேனேன்னு, பத்தொன்பது வருஷமா துணி துவைக்கிறப்பல்லாம் நான் என்னையேதான் திட்டிக்கிட்டு இருந்தேன், உங்களைத் திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்து."

நான் இத்தனை வருஷம் ஏங்கிய நீளமான வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். வந்தது என்று மட்டும் சொல்லி விட்டுவிட மாட்டேன்.

அழைப்புமணி அடித்தது. எலக்ட்ரீஷியன் நின்றார். கையில் ஒரு பழுப்பு உறை.

"அக்கா, உங்க லெட்டர் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு."

அவள் எழுந்து வாங்கிப் பிரித்தாள். படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"என்ன அது?" என்றேன்.

"வேலை. பள்ளிக்கூடத்துல இலக்கண டீச்சர். திங்கக்கிழமை சேரணும்."

"அது ஏன் மேல் வீட்டுக்கு வருது?"

"அந்த அட்ரஸ்தான் குடுத்திருந்தேன். நம்ம வீட்டுக்கு வந்தா தபால் தவறிப்போகுது."

எலக்ட்ரீஷியன் என் முகத்தைப் பார்த்தார். "என்ன சார், கண்ணெல்லாம் சிவந்திருக்கு? நான் அன்னைக்கே சொன்னேன்ல, யாரோ செய்வினை வெச்சிருக்காங்கன்னு."

"ஆமாய்யா. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்."

"யாரு சார்?"

"நான்தான்," என்றாள் என் மனைவி.

அவர் சிரித்தார். போகிறபோது எங்கள் வாசல் விளக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அக்காவுக்கு அந்த 'ஒரு கணவன்' கணக்கைத் திறந்து கொடுத்ததும் அவர்தான் என்று எனக்குப் பிறகு தெரியவந்தது. தப்பு, நான் தெரிந்துகொண்டேன். பழக்கம் லேசில் போகாது.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவள் எப்போதும்போலத்தான் இருந்தாள். சாப்பாடு இருக்கு, மோட்டார் போட்டாச்சு, விளக்கை அணைங்க. நான் கொடுத்த காகிதத்தை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. வீடு முழுக்கக் கண்ணால் தேடினேன். என் தொழிலின் பெயரில் மட்டும் ஒரு மாற்றம் இருந்தது. 'றோம்' போய் 'றேன்' ஆகியிருந்தது. மாற்றியது நான் அல்ல. அன்றிலிருந்து வியாபாரம் இன்னும் கூடிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவள் கிளம்பினாள். தோளில் என் பழைய ஆபீஸ் பை. உள் ஜிப் வைத்த அதே பைதான். துவைத்து, பிடி தைத்து வைத்திருந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் இறங்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா," என்றேன்.

"ம்."

"எல்லாத்தையும் செய்வினையிலயே எழுதிக் குடுத்துட்டேன். என்னை மன்னிச்சுட்டியா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

இரண்டாவது படியில் நின்று திரும்பினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் பாடம் சொல்கிற குரலில், ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள்.

"தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்."

யாரால் என்று நான் கேட்கவில்லை. பச்சை பீரோவுக்குச் சாவி கிடையாது.